வெப்பம் போகும் வழி

மலர்க்குழுவினர் எம்மிடம் கட்டுரையொன்று வேண்டியபோது, இலக்கியம் பற்றியோ இலக்கணம் பற்றியோ நாம் எழுதுவோமென்றே எண்ணியிருப்பர். இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்துவரும் பயிற்றப்பட்ட ஆசிரியரொருவரிடம் வேறெதனை எதிர்பார்த்தல் கூடும்? ஆயினும், கல்லூரி நூலகத்திலுள்ள கணினியொன்று வேலை மிகுந்த வேளையிலே சூடேறி அணைந்த கதையையே இங்கு எழுதத் துணிந்தோம். எமது அறியாமையும் எமது சினமும் ஒருங்கே வெளிப்பட்ட கதையாதலின், அதனை எழுதுதல் எமக்கு எளிதன்று. எனினும் இம்மலருக்கும் அக்கதைக்கும் தொடர்புண்டு.

விழாவை முன்னிட்டுக் கல்லூரியின் பழைய சஞ்சிகைகள் யாவற்றையும் கணினியில் ஏற்றும் பணி எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. நூலக அலுமாரியிற் கிடந்த அவ்விதழ்களிற் சில இராமபாணப் பூச்சிக்கு இரையாகியிருந்தன. சிலவற்றின் தாள்கள் தொட்டவுடன் அப்பளம்போல் நொறுங்கின. 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரியுண்டதை அறிந்த எம்மவருக்கு, ஒரே பிரதியாக எஞ்சிய தாளின் அருமையை எவரும் எடுத்துக்கூற வேண்டியதில்லை. 2005 ஆம் ஆண்டிலே தொடங்கிய ‘நூலகம்’ என்னும் மின்னூலகம் இத்துறையில் எமக்கு வழிகாட்டியாக இருந்தது. பக்கங்களைப் படமாக்கினால் மட்டும் போதாது. எழுத்துணரிச் செயலி கொண்டு அவற்றைத் தேடத்தக்க எழுத்தாக மாற்றவும் வேண்டும் என்று தீர்மானித்தோம். பக்கங்கள் ஏறத்தாழ 2,000. கணினியோ பழைய மாணவர் அன்பளித்தது. இன்ரெல் நிறுவனம் 2020 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐ5-10400 என்னும் முறைவழியாக்கியைக் கொண்டது. மாணவர் அதனைப் ‘புரோசெசர்’ என்பர். அதனுள்ளே ஆறு கருக்கள் ஒரே வேளையிற் பணிபுரிவன.

அக்கணினியை நாம் பேணிய விதத்தைக் கூறல் வேண்டும். தூசி படலாகாதென்று மரப்பெட்டகமொன்றினுள் வைத்து, அதன் கதவையும் சாத்தினோம். எமது இல்லாள் தைத்துத் தந்த பூவேலைத் துணியுறையை அதற்கு அணிவித்தோம். வைகாசி மாதத்துச் சோளகம் வீதிப் புழுதியை வாரி வீசியமையால் யன்னல்களையும் அடைத்தோம். ஏட்டுச் சுவடியைப் பட்டுத்துணியிற் சுற்றிவைத்த முன்னோரின் வழியிலே நிற்பதாக எமக்குள் ஒரு பெருமிதமும் இருந்தது.

கடிதம் தட்டெழுதுதல் போன்ற சிறு வேலைகளைக் கணினி செவ்வனே செய்தது. எழுத்துணரியை இயக்கிய முதல் மாலையிலோ, விசிறி இரைந்தது. சற்று நேரத்திற் பொறி தளர்நடை போட்டது. பின்னர் திரை இருண்டு முற்றாக அணைந்தது. மறுநாளும் அவ்வாறே. மூன்றாம் நாள், எமக்குத் துணையாக வந்த உயர்தர வகுப்பு மாணவனொருவன் அக்கணினியிலே விளையாட்டொன்றைத் திறந்து வைத்திருக்கக் கண்டோம். அவ்வளவே. பொறி கெட்டதற்குக் காரணம் அகப்பட்டுவிட்டதென்று எண்ணினோம். பிற மாணவர் பார்த்து நிற்க அவனைக் கடுஞ்சொற்களால் ஏசினோம். “சேர், பொறி சூடாகுது. உறையைக் கழற்றிப் பார்ப்பமா?” என்று அவன் தயங்கிக் கூறியதைத் தப்பித்துக்கொள்ளும் பேச்சென்றே கொண்டோம். அவ்வறைக்குள் இனி அடியெடுத்து வைக்கலாகாதெனவும் விதித்தோம். அவன் ஒன்றும் பேசாது, தான் அதுவரை ஒழுங்குபடுத்திய பக்கங்களின் பட்டியலை மேசைமேல் வைத்துவிட்டுச் சென்றான். அக்கிழமையிலே நாம் பதினோராம் வகுப்பிற்குக் கற்பித்துக்கொண்டிருந்தது திருக்குறளின் வெகுளாமை அதிகாரம் என்பதை நாணத்துடன் குறிப்பிடுகின்றோம்.

அவன் சென்ற பின்னரும் பொறி அணைந்துகொண்டே இருந்தது. அப்போதேனும் எமக்கு ஐயம் எழுந்திருத்தல் வேண்டும், எழவில்லை. அவன் செய்த கேடு ஆழமானது போலும் என்றே எண்ணினோம். இரண்டு கிழமைகள் வீணே கழிந்தன. அச்சகத்தார் குறித்த நாள் நெருங்கியது. அவ்வேளையில், முன்னர் எம்மிடம் தமிழ் கற்று இன்று கணினித் துறையிற் பணியாற்றும் பழைய மாணவரொருவர் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார். எமது வேண்டுகோளுக்கிணங்கி நூலகத்துக்கும் வந்தார். பெட்டகத்தையும் துணியுறையையும் கண்டவர் சிரிக்கவில்லை, எம்மிடம் கற்றவரல்லவா! “சேர், முதலில் வெப்பநிலையைப் பார்ப்போம்” என்று மட்டும் கூறினார்.

வெப்பநிலை காட்டும் சிறு செயலியொன்றை நிறுவி, எழுத்துணரியை ஓடவிட்டார். வாளாவிருக்கையில் 52 பாகை செல்சியசாக இருந்தது, இரண்டு நிமிடங்களுள் 100 பாகையைத் தொட்டது. அம்முறைவழியாக்கிக்கு விதிக்கப்பட்ட எல்லை அதுவே. எல்லையை அணுகியதும் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்; அதன் பின்னரும் வெப்பம் ஏறுமாயின் எரிந்து போகாதிருக்கும்பொருட்டு முற்றாக அணைந்துவிடும். நாம் பழுதென்று கருதியது உண்மையில் அப்பொறி தன்னைக் காத்துக்கொண்ட செயலாகும்.

வெப்பம் எங்கிருந்து வருகின்றது என வினவினோம். அவர் கூறியதை எமக்கு விளங்கியவாறு தருகின்றோம். முறைவழியாக்கி உண்ணும் மின்சாரம் அனைத்தும் ஈற்றில் வெப்பமாகவே மாறும். 1971 ஆம் ஆண்டில் வெளிவந்த இன்ரெல் 4004 என்னும் நுண்முறைவழியாக்கியில் 2,300 திரான்சிற்றர்களே இருந்தன. அதற்கு விசிறி தேவைப்படவில்லை. இன்றோ பெருவிரல் நகமளவான சிலிக்கன் துண்டிலே நூற்றுக்கோடிக் கணக்கானவை நெருங்கியுள்ளன. 2004 ஆம் ஆண்டில் அந்நிறுவனம், வேகத்தையே நாடித் திட்டமிட்ட முறைவழியாக்கியொன்றை வெப்பமும் மின்செலவும் மிகுந்தமையாற் கைவிட்டு, ஒரு கருவின் வேகத்தைக் கூட்டுவதைவிடக் கருக்களைப் பெருக்கும் வழிக்குத் திரும்பியது. எமது பொறிக்கு, தொடர்வேலையின்போது கணிக்கப்பட்ட வெப்ப அளவு 65 உவாற்று. பழைய 60 உவாற்று மின்குமிழைக் கைபட்டுச் சுட்டுக்கொண்டவர் அதன் வலிமையை அறிவர். அத்துணை வெப்பமும் நகமளவு இடத்திலிருந்து எழுமாயின் என்னாகும்?

வெப்பத்தை அழித்தல் இயலாது. அதற்குப் போகும் வழியைத் திறந்துவிடவே இயலும். சிலிக்கனிலிருந்து உலோக மூடிக்கும், மூடியிலிருந்து அதன் மேலுள்ள அலுமினியச் சிறகுகளுக்கும், சிறகுகளிலிருந்து விசிறி தள்ளும் காற்றுக்கும், அக்காற்றோடு பெட்டிக்கு வெளியேயும், அறைக்கு வெளியேயும் அது செல்லுதல் வேண்டும். இவ்வழியிலே ஓரிடம் அடைபட்டால், ஏனைய இடங்கள் திறந்திருந்தும் பயன் குறையும். எமது கணினியிலோ அடைபடாத இடம் அரிதாக இருந்தது.

மின்சாரத்தைத் துண்டித்துப் பெட்டியைத் திறந்தபோது, சிறகுகளின் இடையிலே தூசி கம்பளிபோற் படிந்திருந்தது. யன்னலைச் சாத்திய எமக்கு இது வியப்பளித்தது. விசிறி சுழலும் இடத்திற்குத் தூசி எவ்வாறாயினும் வந்து சேரும்; அதனை வராது தடுப்பதிலும் காலந்தோறும் நீக்குவதே தக்கது என்றார். விசிறியின் இதழ் சுழலாதவாறு விரலாற் பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் தூசியைத் துடைத்தார். பின்னர் சிறகுத்தொகுதியை அசைத்துப் பார்த்தார், அது ஆடியது. அதனைப் பலகையோடு பிணைக்கும் பிளாத்திக்கு ஊசிகள் நான்கு. அவற்றுள் ஒன்று பூட்டப்படாது மேலெழுந்து நின்றது. முந்திய ஆண்டில் நாம் அப்பெட்டியை வகுப்பறையிலிருந்து நூலகத்துக்குத் துவிச்சக்கர வண்டியிற் கட்டிக் கொண்டுவந்தோம். கல்லும் குழியுமான அப்பாதையில் அது கழன்றிருத்தல் கூடும்.

ஓர் ஊசி கழன்றமையால் மூடிக்கும் அலுமினியத்துக்கும் இடையே மயிரிழையளவு காற்று புகுந்துவிட்டது. அலுமினியம் காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 9,000 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தவல்லது. ஆகவே, அம்மெல்லிய காற்றுப்படலமே பெருஞ்சுவராயிற்று. அவ்விடைவெளியை நிரப்புதற்கே வெப்பங் கடத்தும் பசை பூசப்படுகின்றது. காய்ந்துபோன பழைய பசையை ஐசோபுறொப்பைல் அற்ககோலால் துடைத்து, புதிய பசையைப் பட்டாணியளவு நடுவில் வைத்தார். மிகுதியாகப் பூசினால் மிகுதியாகக் குளிருமோ என்றோம். பசை காற்றிலும் நன்று, உலோகத்திலும் தாழ்வு. ஆதலின் இடைவெளி நிரம்பும் அளவே போதும் என்றார். ஊசிகளை மூலைக்கு மூலை எதிராக, ஓசை கேட்கும்வரை அழுத்திப் பூட்டினார்.

இனிப் பெட்டகமும் உறையும். பெட்டியின் முன்புறத்தால் உட்புகும் குளிர்ந்த காற்று, பின்புறத்தாற் சூடேறி வெளியேறல் வேண்டும். மூடிய பெட்டகத்தினுள், வெளியேறிய வெங்காற்றையே பொறி மீண்டும் உள்ளிழுத்தது. இதனைக் கேட்டதும் எமது பாட்டனாரின் நாற்சார் வீடு நினைவிற்கு வந்தது. முன்வாயிலாற் புகுந்த காற்று நடுமுற்றத்தால் மேலெழுந்து போகுமாறு நம்மவர் அதனை அமைத்தனர். அவ்வீட்டிற் பிறந்து வளர்ந்த நாம், ஒரு பொறிக்கு அவ்வசதியை மறுத்திருந்தோம்.

கணினியை மேசைமேல் வைத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, யன்னலையும் திறந்து மீண்டும் ஓட்டினோம். அறை வெப்பநிலை 33 பாகை. ஆறு கருக்களும் முழுமூச்சாய் உழைக்க, வெப்பநிலை 72 பாகையில் நிலைத்தது. அறை ஐந்து பாகை கூடினால் பொறியும் ஏறத்தாழ ஐந்து பாகை கூடும். ஆதலின் இரவிலே ஓட்டுவது நன்று என்றார். மேலும், முறைவழியாக்கியின் உச்சநிலையை 100 வீதத்திலிருந்து 99 வீதமாகக் குறைத்தார். அம்மாற்றம், பொறி தன் அடிப்படை வேகத்துக்கு மேலே தாவுவதைத் தடுத்தது. வேலை சற்றுத் தாமதித்தது. வெப்பமோ இன்னும் ஏழு பாகை தாழ்ந்தது.

பொறி குளிர்ந்தது, எமது உள்ளம் குளிரவில்லை. மறுநாள் காலை, எவர் முன்னிலையில் அம்மாணவனை ஏசினோமோ அவர்கள் முன்னிலையிலேயே அவனை அழைத்தோம். “தம்பி, நீ சொன்னது உண்மை. தவறு எம்முடையது. உறையைக் கழற்றிப் பார்ப்பமா என்று நீ கேட்டபோதே கழற்றியிருந்தால் இரண்டு கிழமைகள் வீணாகியிரா. எம்மை மன்னித்துக்கொள்” என்றோம். ஆசிரியர் மாணவனிடம் மன்னிப்புக் கேட்பதா என்று எம்முள் ஒரு குரல் முந்திய இரவெல்லாம் வாதாடியிருந்தது. வகுப்பு அமைதியாயிற்று. அவன் தலை குனிந்து சற்று நின்றான். பின்னர், “அப்ப மிச்சப் பக்கங்களை இண்டைக்கே போடுவமா, சேர்?” என்று கேட்டான். விளையாட்டுக்காக அவனைக் கண்டித்தது தவறன்று. கேடு நேர்ந்தவுடன் கண்முன் நின்றவன்மேற் பழியைச் சுமத்தியதே தவறு.

அன்று மாலையே வேலை தொடங்கியது. ‘ணை’, ‘லை’, ‘றா’ முதலியவற்றின் பழைய வடிவங்களைக் கண்டு எழுத்துணரி பலவிடத்தும் இடறியது. அவ்வாறு இடறிய சொற்களை அம்மாணவனும் அவன் தோழரும் மூலத்தோடு ஒப்புநோக்கித் திருத்தினர். மூன்று இரவுகளிற் பொறி தன் பணியை முடித்தது. திருத்தத்துக்கோ மூன்று மாதங்கள் சென்றன. இன்று பழைய மாணவர் எவரேனும் நூலகத்துக்கு வந்து தம் பெயரைத் தட்டினால், தாம் பேச்சுப் போட்டியிற் பரிசு பெற்றதையோ, மட்டைப்பந்தாட்டத்தில் ஓட்டம் எதுவும் பெறாது மீண்டதையோ ஒரு நொடியிற் கண்டுகொள்ளலாம்!

துணியுறை இப்போது எமது இல்லத்துத் தையற்பொறியை அணிசெய்கின்றது. ஒவ்வொரு தவணை முடிவிலும் கணினியைத் திறந்து தூசி தட்டும் பொறுப்பை அம்மாணவன் ஏற்றான். அவன் கல்லூரியை விட்டு நீங்கிய பின்னர் அப்பொறுப்பு எம்மிடம் வந்துள்ளது. தூரிகையைக் கையிலெடுக்கும் ஒவ்வொரு முறையும், மேசைமேல் அவன் வைத்துச் சென்ற பட்டியல் எமது நினைவுக்கு வருகின்றது.

எமது கல்லூரி அன்னை நீடு வாழ்க!