தண்ணீர்த் தொட்டியில் மருந்து

பல்லடம் பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணைக்குள் நுழைந்தால் முதலில் மூக்குதான் சேதி சொல்லும். அமோனியா நெடி கண்ணைக் கரித்தால் தரை ஈரம் கட்டிவிட்டது என்று அர்த்தம். நான் போன பண்ணையில் நெடி குறைவு. பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, கோழிகளுக்கு நடுவே குனிந்து, தரையில் பரப்பியிருந்த தென்னை நார்த்தூளை ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடித்தார். விரல்களை விரித்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. “கொழுக்கட்டையாட்டம் நின்னுச்சுன்னா உடனே கிளறி உடோணுங்க தம்பி” என்றார்.

அடுத்த ஷெட்டில் காலையில்தான் குஞ்சு இறங்கியிருந்தது. ஒன்றை எடுத்து அதன் காலைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். ஜில்லென்றிருந்தால் பல்பைத் தாழ்த்த வேண்டும். பல்புக்கு அடியில் குஞ்சுகள் குவிந்தால் குளிர். ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்தால் சூடு அதிகம். ராத்திரி எழுந்து பார்ப்பதும் அவர்தான். முதல் வாரம் சூடு தவறினால் பிற்பாடு எதைக் கொடுத்தும் குஞ்சு தேறாது என்கிறார்.

ஷெட்டின் தலைமாட்டில் பிளாஸ்டிக் தொட்டி. மருந்து கலப்பது இதில்தான். ஐயாயிரம் கோழியில் இருபது சோர்ந்து நின்றாலும், தனியே பிடித்து வைத்தியம் பார்க்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. எல்லாக் கோழியும் குடிக்க வேண்டியதுதான். இதில் ஒரு கோணல் உண்டு. நோய்ப்பட்ட கோழி தண்ணீரையும் சரியாகக் குடிக்காது. மருந்து வயிறாரப் போவது நன்றாக இருக்கிற கோழிகளுக்கு. அவற்றின் குடலில் வாழும் ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்களில் மருந்துக்கு மசியாதவை மட்டும் தப்பிப் பெருகும். எச்சத்தோடு அவை நார்த்தூளில் சேரும். பேட்ச் முடிந்ததும் அதே நார்த்தூள் எருவாக லாரி ஏறித் தோட்டங்களுக்குப் போகிறது. அதை வெறுங்காலோடு கிளறுகிறவர்களும், ராத்திரியில் கோழி பிடித்து வண்டியேற்றுகிறவர்களும்தான் முதலில் தொடுகிறார்கள். நான் போன பண்ணையில் கிளறிக்கொண்டிருந்த பீகார் தம்பதி மூக்கில் துண்டுகூடக் கட்டியிருக்கவில்லை.

கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் பற்றிக் கேட்டேன். “அதெல்லாம் நிறுத்தியாச்சுங்க” என்றார் குஞ்சும் தீவனமும் தரும் கம்பெனியின் சூப்பர்வைசர். வேறு மருந்து எதற்கும் அடங்காத கிளெப்சியெல்லா போன்ற கிருமிகளுக்கு, ஐ.சி.யூ.வில் கடைசியாகக் கையிலெடுக்கும் மருந்துகளில் ஒன்று அது. அதைத்தான் கோழிக்குத் தீவனத்திலும் தண்ணீரிலும் கலந்துகொண்டிருந்தார்கள். 2015 நவம்பரில், கோலிஸ்டினை முறியடிக்கும் எம்.சி.ஆர்-1 என்ற மரபணுவைப் பன்றிகளிலும் கடை இறைச்சியிலும் நோயாளிகளிடமும் கண்டதாகச் சீன ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். பிளாஸ்மிட்டில் உட்கார்ந்திருப்பதால் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு அது தாவிவிடும். கோழி போன்ற உணவுக்கான விலங்குகளுக்குக் கோலிஸ்டின் கொடுக்க இந்தியாவில் தடை வந்தது 2019 ஜூலையில். தீவனத்தில் மருந்து கலப்பதே பழைய பழக்கம். சிறு அளவு ஆன்டிபயாடிக் தீவனத்தில் கலந்தால் எடை கூடும் என்று அமெரிக்காவில் கண்டது 1940களின் கடைசியில். எடைக்காகக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் முழுதாக நிறுத்த 2006 ஆகிவிட்டது. லாபம் கண்ட பழக்கம் லேசில் போகாது.

தடை வேண்டும்தான். ஆனால் ஷெட்டுக்குள் நின்று பார்த்தபோது எனக்குப் பட்டது வேறு: கை செய்ய வேண்டிய வேலையில் விழும் ஓட்டையைத்தான் பாதி நேரம் மருந்து அடைக்கிறது. ஈரத் தரை, பாசி பிடித்த குழாய், நெருக்கியடித்த கோழிகள். ஒப்பந்த ஏற்பாட்டில் குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையவை. ஷெட்டும் கரண்டும் ஆள்கூலியும் பண்ணைக்காரர் பாடு. மருந்துச் செலவு கூடினால் வளர்ப்புக் கூலியில் கொஞ்சம் அடிபடும். ஆனால் பாதி ஷெட் செத்தால் ஆகிற நஷ்டத்துக்கு முன்னால் அது ஒன்றுமேயில்லை.

சுவரில் தொங்கிய அட்டையில் அன்றாடம் எழுத வேண்டியவை: சாவு, தீவனம், எடை, மருந்து. கிளறியதற்குக் கட்டம் இல்லை.

“ஆளு வரலீன்னா டப்பாவத்தான் தொறக்கோணுங்க” என்றார் அக்கா.

ஆன்டிபயாடிக் இல்லாமல் ஓடிய பேட்சுக்குக் கிலோவுக்குச் சில பைசாவாவது கூட்டித் தருவீர்களா என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். அப்படியொரு கணக்கு அவர் கம்பெனியில் கிடையாதாம். மேலே சொல்லிப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு அடுத்த பண்ணைக்கு வண்டியை எடுத்தார்.