மறைத்துக் கொண்டு போன மெஷின்



வீட்டில் ஆண்கள் குறட்டை விட்டால், "பாவம், வேலைக் களைப்பு" என்று போர்வையை இழுத்துப் போர்த்தி விடுகிறோம். பெண்ணொருத்தி குறட்டை விட்டால் என்ன செய்கிறோம்? சிரிக்கிறோம். நானும் ஒரு காலத்தில் சிரித்தவள்தான். பிறகு அந்தச் சிரிப்பு என் பக்கமே திரும்பியது.

2016 ஆம் ஆண்டு எங்கள் குடும்பத்தில் ஒரு கலியாணம். கலியாண வீட்டில் எப்படிப் படுப்போம் என்று உங்களுக்குத் தெரியும்தானே. ஓர் அறை நிறையப் பாயும் மெத்தையும், பத்துப் பன்னிரண்டு பெண்கள், விடியும் வரை கதை. காலையில் எழுந்தால் குமரிப்பிள்ளைகள் எல்லாம் வாயைப் பொத்திக் கொண்டு சிரிக்கிறார்கள். "மாமி ராவெல்லாம் லொறி ஓட்டினா" என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டது. நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து ஒரு கலியாண வீட்டிலும் நான் இரவு தங்கியதில்லை. தலையிடி, வயிற்றுக் கோளாறு, வீட்டில் ஆளில்லை என்று ஒவ்வொரு முறையும் ஒரு சாட்டுச் சொல்லித் திரும்பிவிடுவேன்.

குறட்டை வெறும் சத்தம் என்றுதான் நினைத்திருந்தேன். காலையில் எழும்போதே தலையிடி. சோற்றை அடுப்பில் வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தால் கண் சொருகிவிடும். எட்டு மணித்தியாலம் படுத்தும் தூங்காதவளைப் போன்ற அலுப்பு. பிரஷர் என்றார்கள், வயது என்றார்கள், மனக்கவலை என்றார்கள். கடைசியில் இவர்தான் ஒருநாள் பயந்து போய்ச் சொன்னார்: "ராவைக்கு உங்கட மூச்சு நின்று போகுது. நான் எண்ணிக் கொண்டு கிடக்கிறன்."

2019 இல் ஓர் இரவு முழுவதும் தலையிலும் நெஞ்சிலும் விரலிலும் வயர்களை ஒட்டிப் பரிசோதித்தார்கள். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை அடைபட்டுவிடுகிறது. பத்து விநாடி அல்லது அதற்கு மேல் மூச்சு நின்றால் ஒரு தடை என்று கணக்கு. மூளை திடுக்கிட்டு நம்மை அரைகுறையாக எழுப்பி மூச்சை இழுக்க வைக்கிறது. காலையில் நமக்கு ஒன்றும் ஞாபகம் இராது. மணித்தியாலத்துக்கு இப்படி ஐந்து தடவைக்குக் குறைவென்றால் பிரச்சினை இல்லை. முப்பதைத் தாண்டினால் கடுமை என்கிறார்கள். எனக்கு 41. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இது கூடுகிறது என்றும், பெண்களிடம் இது அலுப்பாகவும் தலையிடியாகவும் தூக்கமின்மையாகவும் காட்டுவதால் பலருக்கு நோயே கண்டுபிடிக்கப்படாமல் போகிறது என்றும் வைத்தியர் விளங்கப்படுத்தினார்.

அதற்குத்தான் அந்த மெஷின். சீபெப் என்பார்கள். அவுஸ்திரேலியாவின் சிட்னியில் கொலின் சலிவன் என்ற வைத்தியர் கண்டுபிடித்து 1981 இல் உலகுக்கு அறிவித்தது. பலர் நினைப்பது போல அது ஒட்சிசன் கொடுப்பதில்லை. அறையில் உள்ள காற்றையே இழுத்து, ஒரு குழாய் வழியாக, மூக்கில் மாட்டிய மாஸ்க்குக்குள் மெதுவான அழுத்தத்தோடு தள்ளுகிறது. அந்த அழுத்தம் தொண்டையை மூடவிடாமல் பிடித்து வைத்திருக்கும். அவ்வளவுதான். கையிலிருந்த காப்பில் ஒரு சோடியை விற்றுத்தான் அதை வாங்கினோம். போட்ட முதல் வாரமே, எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, தலையிடி இல்லாமல் ஸுப்ஹுக்கு எழுந்தேன். 2022 இல் மின்வெட்டு நடந்த நாட்களில் அது நின்று போகும்போதெல்லாம் பழைய நரகம் திரும்பி வந்ததால், அதன் அருமை எனக்கு நன்றாகவே தெரியும்.

ஆனாலும் அதை ஒருவருக்கும் காட்டவில்லை. பகலில் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவேன். இங்கிலாந்தில், லெஸ்டர் நகரத்தில் இருக்கும் என் மகளுக்கும் சொல்லவில்லை. முகத்தில் குழாய் மாட்டிக் கொண்டு படுக்கும் உம்மாவை நினைத்து, தூரத்தில் இருக்கும் பிள்ளை ஏன் கவலைப்பட வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக் கொண்டேன். உண்மை என்னவென்றால், எனக்கு வெட்கம்.

2023 நவம்பரில் மகளுக்குத் தலைப்பிள்ளை. சத்திரசிகிச்சைப் பிரசவம். உம்மா வந்து நின்றால்தான் முடியும் என்று அழைத்தாள். இவருக்குக் கடையை விட்டு வர முடியாததால் நான் தனியே புறப்பட்டேன். பெட்டி அடுக்கும்போது இவர் சொன்னார்: "அந்த மெஷினக் கையில கொண்டு போங்க." நான் கேட்கவில்லை. கட்டுநாயக்கவில் பையைத் திறந்து, அத்தனை பேருக்கும் முன்னால் அந்தக் குழாயை வெளியே இழுத்துப் போட்டால்? ஊர்க்காரர் யாராவது வரிசையில் நின்றால்? மெஷினை இரண்டு ஷோல்களில் சுற்றி, பெரிய பெட்டியின் நடுவில், கித்துல் பாணிப் போத்தலுக்கும் பிள்ளையின் உடுப்புகளுக்கும் இடையில் வைத்துப் பூட்டினேன்.

கொழும்பிலிருந்து லண்டனுக்குக் கிட்டத்தட்ட 11 மணித்தியாலம். குறட்டை விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் தேத்தண்ணியும் கோப்பியுமாகக் குடித்துக் கண்ணைத் திறந்து கொண்டே இருந்தேன். இரண்டு தடவை என் சத்தத்துக்கே நான் திடுக்கிட்டு எழுந்தேன். பக்கத்து ஆசனத்துப் பெடியன் ஒன்றும் தெரியாதவன் போல காதில் இயர்போனை மாட்டிக் கொண்டான். நல்ல பிள்ளை.

ஹீத்ரோவில் இறங்கிப் பெட்டிக்காகக் காத்து நின்றேன். ஒரு பெட்டி வந்தது. மற்றது வரவில்லை. எது வரவில்லை என்று நான் சொல்லத் தேவையில்லை.

படிவம் நிரப்பினோம். "இரண்டொரு நாளில் வீட்டுக்கே வரும்" என்றார்கள். மருமகன், "அதுல முக்கியமான சாமான் ஏதும் ஈக்கிதா மாமி?" என்று கேட்டார். அந்த இடத்தில் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். "இல்ல மகன், உடுப்புத்தான்" என்றேன்.

முதல் இரவு அறைக் கதவை மூடிக் கொண்டு, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து, தூங்காமல் தூங்கினேன். இரண்டாம் இரவும் அப்படியே. பகலெல்லாம் சமையல், பிள்ளையைக் குளிப்பாட்டுவது, மகளுக்குப் பத்தியம். மூன்றாம் நாள் விடியற்காலை, பிள்ளை அழுதது. மகளைத் தூங்கவிட்டு நான்தான் தூக்கிக் கொண்டு கீழே வந்தேன். பிறந்து ஒன்பது நாளேயான பிள்ளை. சோபாவில் உட்கார்ந்து மடியில் வைத்துத் தட்டினேன். யன்னலுக்கு வெளியே இன்னும் இருட்டு. பிள்ளை கண்ணை மூடியது எனக்கு ஞாபகம்.

அடுத்த ஞாபகம், யாரோ என் கையை மெதுவாக விலக்குவது. மருமகன் குனிந்து நிற்கிறார். பிள்ளை என் மடியிலிருந்து சரிந்து, என் இடுப்புக்கும் சோபாவின் கைப்பிடிக்கும் இடையில் கிடக்கிறது. முகம் குஷன் பக்கம். அவர் தூக்கியதும் பிள்ளை வீறிட்டு அழுதது. அந்த அழுகையைப் போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. அல்லாஹ் காப்பாற்றினான். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "மாமி, பிள்ளைய நான் வெச்சிக்கொள்றன். நீங்க படுங்க" என்றார். நான் படுக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மகள் எழுந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். கலியாண வீடு, வயர் ஒட்டிய இரவு, விற்ற காப்பு, ஷோலில் சுற்றிய மெஷின் எல்லாவற்றையும். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நாலு வருஷம் உம்மா. ஒவ்வொரு நாளும் வீடியோவில கதைக்கிறமே, ஏன் சொல்லல்ல?" என்றாள். அதற்கு என்னிடம் பதிலில்லை. மருமகன் உடனே விமான நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்து, பெட்டிக்குள் மருத்துவக் கருவி இருக்கிறது என்று அறிவித்தார். அடுத்த நாள் மாலை பெட்டி வந்து சேர்ந்தது. முதலே சொல்லியிருந்தால் முதலே தேடியிருப்பார்களோ என்னவோ. ஈரப்பதனுக்குத் தண்ணீர் ஊற்றும் சிறு தொட்டி உடைந்திருந்தது, மெஷின் தப்பியிருந்தது.

சகோதரிகளே, திரும்பி வரும் பயணத்துக்கு முன் நாங்கள் விசாரித்து அறிந்தவற்றை உங்களுக்கும் சொல்கிறேன். உங்களுக்கோ, வீட்டுக்காரருக்கோ, உம்மா வாப்பாவுக்கோ உதவலாம். மெஷினைச் சாமான் பெட்டியில் போடவே போடாதீர்கள். மருத்துவக் கருவி என்பதால் பல விமான நிறுவனங்கள் அதைக் கைப்பையின் நிறையோடு சேர்த்துக் கணக்கெடுப்பதில்லை; ஆனாலும் பயணச்சீட்டு வாங்கும்போதே கேட்டுக் கொள்ளுங்கள். வைத்தியரிடம் ஆங்கிலத்தில் ஒரு சிறு கடிதம் எடுத்து அதே பையில் வையுங்கள். தொட்டித் தண்ணீரை முழுவதும் ஊற்றிக் காய வைத்துவிடுங்கள். சரிந்தால் தண்ணீர் மோட்டாருக்குள் போய்விடும். காய்ச்சி வடித்த நீரைப் போகும் இடத்தில் வாங்கிக் கொள்ளலாம். பெரும்பாலான மெஷின்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். அடியில் எழுதியிருப்பதைப் பாருங்கள், பிளக் மட்டும் நாட்டுக்கு நாடு வேறுபடும். இங்கிலாந்தின் சதுர மூன்று முனைப் பிளக் நம் நாட்டிலும் இருப்பதால் எனக்கு அந்தத் தொல்லை இருக்கவில்லை.

பறக்கும்போது தூங்குவதென்றால் இன்னும் கொஞ்சம் ஆயத்தம் வேண்டும். விமானத்துக்குள் காற்றழுத்தம் நிலத்தில் இருப்பது போல இராது. 6000 முதல் 8000 அடி உயர மலையில் நிற்பதைப் போன்றது. நுவரெலியாவுக்கும் பிதுருதலாகலை உச்சிக்கும் இடைப்பட்ட உயரம் என்று வைத்துக் கொள்ளுங்களேன். இரத்தத்தில் ஒட்சிசன் சற்றுக் குறையும். அதில் மூச்சும் தடைப்பட்டால் இரட்டைச் சுமை. ஆகவே நீண்ட இரவுப் பயணத்தில் பாவிக்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். தூக்கம் வருவதற்கென்று மாத்திரை போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும் என்பதால் வைத்தியரைக் கேட்காமல் தொடாதீர்கள். விமான நிறுவனத்துக்குக் குறைந்தது இரண்டு நாட்களுக்கு முன் அறிவிக்க வேண்டும். ஆசனத்தில் உள்ள மின்சாரத்தை நம்ப முடியாது, சொந்த பெட்டரி வேண்டும் என்பார்கள். லித்தியம் பெட்டரி 100 வோட் அவருக்குள் இருந்தால் பொதுவாகத் தடையில்லை. 100 முதல் 160 வரை என்றால் அவர்களின் அனுமதி தேவை. தனியாகக் கொண்டு போகும் பெட்டரியைச் சாமான் பெட்டியில் போடவே கூடாது, தீ பிடிக்கும் அபாயம் உண்டு. மகள் எனக்கு 97 வோட் அவர் பெட்டரி ஒன்று வாங்கித் தந்தாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

2024 ஜனவரியில் ஹீத்ரோவில் பரிசோதனை வரிசையில் நின்றபோது என் கை நடுங்கியதை மறைக்க மாட்டேன். எனக்கு முன்னால் தலைப்பாகை கட்டிய ஒரு சீக்கியப் பெரியவர். அவர் தன் பையைத் திறந்து, என்னுடையதைப் போலவே ஒரு மெஷினை எடுத்து, சாவிக் கொத்தை வைப்பது போல் தட்டில் வைத்தார். நானும் வைத்தேன். கீழே அழுக்குப் படாமல் மகள் தந்த கண்ணாடிப் பொலித்தீன் பையோடு வைத்தேன். உத்தியோகத்தர் ஒரு துண்டால் அதைத் துடைத்துப் பார்த்துவிட்டு நகர்த்திவிட்டார். ஒரு நிமிடமும் ஆகவில்லை. இதற்காகவா அத்தனை பாடு!

மாஸ்க்கின் பட்டியைத் தலையில் மாட்டி அதன் மேல் ஸ்கார்ப் கட்டிக் கொண்டால் சரியாகப் பொருந்தும் என்பதை மகள் வீட்டிலேயே பழகியிருந்தேன். முகத்தில் எண்ணெய், கிறீம் பூசக் கூடாது, வழுக்கிக் காற்றுக் கசியும். விமானம் மேலே எழுந்து விளக்கை அணைத்த பிறகு மாட்டினேன். எதிர்ப்பக்கத்துச் சிறு பிள்ளை கண் இமைக்காமல் பார்த்தது. அதன் உம்மா கையைப் பிடித்து இழுத்தாள். நான் மாஸ்க்கைக் கழற்றி, "யானைத் தும்பிக்கை" என்றேன். பிள்ளை சிரித்தது. பிறகு நான் ஐந்து மணித்தியாலம் தூங்கினேன்.

வந்த இரண்டாம் மாதம் மச்சானின் மகளுக்குக் கலியாணம். இம்முறை சாட்டுச் சொல்லாமல் பையோடு போனேன். அதே பாய், அதே கதை. மெஷினை எடுத்து வைத்தபோது குமரிகள் சுற்றி வந்து பார்த்தார்கள், ஒருத்தி மாட்டியும் பார்த்தாள். எல்லோரும் தூங்கிய பிறகு, சுவரோரம் படுத்திருந்த என் மூத்த மச்சி மெதுவாக நகர்ந்து வந்தார். அறுபது தாண்டியவர், பகலெல்லாம் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகுபவர். என் காதருகே குனிந்து கேட்டார்:

"புள்ள, அந்த வயர் ஒட்டிப் பார்க்கிற டொக்டர் எங்க ஈக்கிறாரு?"