பதினொரு மணித்தியாலத் தூரம்

கட்டுநாயக்காவிலிருந்து இலண்டன் ஹீத்ரோ விமான நிலையம் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. இடையில் எங்கும் இறங்காத விமானம் அங்கு சென்றடைய ஏறக்குறைய பதினொரு மணித்தியாலம் எடுக்கும். பிள்ளையையோ சகோதரத்தையோ இலண்டனுக்கு அனுப்பிய வீடுகள் எங்கள் ஊரில் பல. ஆயினும் இத்தூரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தவர்கள் சிலரே.

வகுப்பறை உலகப்படத்தில் இரு நகரங்களையும் அடிமட்டத்தால் இணைத்தால், கோட்டின் நடுப்புள்ளி சவூதி அரேபியாவின் வடபகுதியில் விழும். பூகோள உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்து இணைத்துப் பாருங்கள். நடுப்புள்ளி தெஹ்ரானுக்கு அருகே போய்விடும்! நூல் காட்டுவதே மிகக் குறுகிய வழி. எனினும் விமானங்கள் அப்படியே அவ்வழியாற் செல்வதில்லை. அது உக்ரேனுக்கு மேலாகவும் செல்கின்றது; 2022 பெப்ரவரியில் போர் மூண்டதிலிருந்து அந்நாட்டு வான்பரப்பு பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டுள்ளது.

8,700 ஐ மணிக்கு 900 கிலோமீற்றர் என வகுத்தால் 9 மணி 40 நிமிடமே வரும். மிகுதி நேரம் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் சுற்றிச் செல்வதற்கும் போகின்றது. காற்றும் தன் பங்கை எடுக்கின்றது. ஏறத்தாழ 10 கிலோமீற்றர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் கடுங்காற்று, போகும்போது எதிர்த்து நிற்கும். வரும்போது பின்னாலிருந்து தள்ளும். ஆகவே திரும்பும் பயணம் சற்றுக் குறுகியது.

நேர வித்தியாசம் குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலம், கோடையில் நாலரை. 1996 இல் இலங்கையில் கடிகாரங்கள் முன்தள்ளப்பட்டு, 2006 ஏப்ரலிலேயே பழைய நேரத்துக்குத் திரும்பின. அந்தப் பத்தாண்டுக்காலப் பயிற்சிக் கணக்குகளின் விடைகள் இன்று பொருந்தமாட்டா.

2018 தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை 6 மணிக்கு அம்மம்மா காலமானார். இலண்டனில் அப்போது நள்ளிரவு 12.30. கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகனான மாமா அங்கேதான் இருந்தார். அவருக்குக் கிடைத்ததோ அன்றிரவு 8.30 விமானம். அதாவது எங்களுக்குச் செவ்வாய் அதிகாலை 2 மணி. அவ்வளவு நேரம் உடலை வைத்திருக்கக்கூடாது என்று உறவினர் சிலர் வற்புறுத்தினர். அம்மா ஒரே சொல்லில் நின்றார்: "அண்ணா வரட்டும்."

பத்தரை மணித்தியாலத்தில் விமானம் தரையிறங்கியது. வெளியே வர ஒரு மணித்தியாலம். பின்னர் யாழ்ப்பாணம் நோக்கி வாடகை வான். நானூறு கிலோமீற்றருக்கும் குறைந்த அந்த வீதிக்கு மட்டும் எட்டு மணித்தியாலம்! வவுனியாவைத் தாண்டும்போது இருட்டிவிட்டது. இரவு 9.30 இற்கு மாமா படலையைத் திறந்தார். செய்தி கிடைத்து முப்பத்தொன்பதரை மணித்தியாலம். அதில் இருபது விமானத்துக்காகக் காத்திருந்ததிலேயே போயிருந்தது. விமானக்காரர் சொல்லும் பயண நேரத்தை நான் முழுமையாக நம்பாமல் விட்டது அன்றுதான்.

பயணப்பையை முற்றத்திலேயே விட்டுவிட்டு அவர் நேரே உள்ளே போனார். அம்மம்மாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தபடி நின்றார். எவரும் பேசவில்லை. மறுநாட்காலை கிரியைகள் நடந்தேறின. எட்டுச் செலவு முடிந்ததும் மாமா திரும்பிப் போனார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நிற்க அவருக்கு லீவு கிடைக்கவில்லை. சின்ன மாமாவே கீரிமலைக்குப் போய்வந்தார்.