நந்திக்கடலின் அடிச்சேறு

மாரி மழை ஓய்ந்த கையோடு வட்டுவாகல் பாலத்தில் நின்று பார்த்தால், நந்திக்கடல் பால் விட்ட தேத்தண்ணி மாதிரிக் கலங்கிக் கிடக்கும். கொஞ்ச நாளில் தெளிஞ்சிடும். அந்த மண் எல்லாம் எங்க போனது? பெரும்பகுதி எங்கயும் போகேல்லை. அடியிலதான் கிடக்கு.

ஆறுகளும் வாய்க்கால்களும் வயல் மண்ணையும் காட்டு மண்ணையும் அள்ளிக்கொண்டு வரும். 0.2 மில்லிமீற்றர் மணல் துணிக்கை, அசையாத தண்ணியில் ஒரு மீற்றர் இறங்க ஒரு நிமிசமும் வேண்டாம். 0.002 மில்லிமீற்றர் களித் துணிக்கைக்கோ ஏறக்குறைய மூண்டு நாள் வேணும். ஆனால் உப்புத் தண்ணி பட்டதும் களித் துணிக்கைகள் ஒண்டோடொண்டு ஒட்டித் திரளும். பாரம் கூடக்கூட கெதியா இறங்கும். அதனாலதான் நன்னீரும் உவர்நீரும் கலக்கிற களப்புகளில் சேறு சேருது.

எங்கட சொந்தங்கள் குடியேறின நோர்வேயின் குடாக்களிலும் இதே கதைதான். ஆனால் உறையிற குளிரில் தண்ணியின் பிசுக்குமை எங்கட தண்ணியைவிட இரண்டு மடங்கு, துணிக்கை இறங்கிறதும் அவ்வளவு மெதுவு. அங்க சொக்னே குடா 1,300 மீற்றர் வரை ஆழம். நந்திக்கடலோ பல இடங்களில் ஆள் நடந்து கடக்கிற ஆழம். வற்றுப்பெருக்கும் சிறிசு. முகத்துவாரத்தை மணல் மூடினால் சேறு வெளியேற வழியில்லை. களப்பு தூர்ந்தால் இறாலுக்கும் மீனுக்கும் இடம் குறையும், வெள்ளம் வயலுக்குள்ள ஏறும். ஆழப்படுத்துங்கோ எண்டு தொழிலாளர்கள் கேக்கிறது நியாயம். நாங்களும் அதைத்தான் கேக்கிறம்.

ஆனால் இது வெறும் சேறு இல்லை. 2009 மே மாதம் சனம் இந்தத் தண்ணிக்குள்ளாலதான் நடந்து வந்தது. எல்லாரும் கரை சேரேல்லை. அதுக்குப் பிறகு எத்தனையோ மாரி மண் மேல படிஞ்சிருக்கு. 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் தண்ணிக்குழாய்க்குக் கிடங்கு வெட்டேக்கைதான் மனிதப் புதைகுழி வெளிப்பட்டது. அங்க வெட்டினது தரை, நிப்பாட்ட முடிஞ்சது. களப்புக்குள்ள இயந்திரம் உறிஞ்சி எறியிற சேற்றில் எலும்பு வந்தால் ஆர் பார்ப்பினம்?

ஆழப்படுத்த முதல் அடியை ஆராய வேணும். நீதிமன்ற மேற்பார்வை வேணும். தேடிக்கொண்டிருக்கிற குடும்பங்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேணும். தொழிலும் வேணும், எங்கட ஆக்களுக்கு என்ன நடந்தது எண்ட பதிலும் வேணும். ஒண்டைக் காட்டி மற்றதை மூடவேண்டாம்.