நீலப் பயணம்: போட்ரும் முதல் ஒலிம்போஸ் வரை

துருக்கியின் தென்மேற்குக் கரையோரமாக, நண்பர்கள் ஒன்றுசேர்ந்து படகை அமர்த்திக்கொண்டு குடாக்களில் தங்கித் தங்கிச் செல்லும் கடல் உலாவுக்கு ‘நீலப் பயணம்’ என்று பெயர். போட்ருமில் தொடங்கி ஒலிம்போஸ் வரை நீளும் இவ்வழியை ஒரே விடுமுறையில் முடிப்பவர்கள் குறைவு. போட்ரும்–கோக்கோவா, மார்மாரிஸ்–ஃபெத்தியே, ஃபெத்தியே–ஒலிம்போஸ் எனப் பகுதி பகுதியாகச் செல்வதே வழக்கம்.

இதன் திசையைத் தீர்மானிப்பது காற்று. கோடையில் மெல்டெம் என்னும் காற்று வடமேற்கிலிருந்து வீசுகிறது. காலையில் தணிந்திருக்கும், நண்பகலுக்குப் பின் வலுக்கும், மாலையில் ஓயும். மேற்கிலிருந்து கிழக்கே போகும் படகுக்கு இது துணை, எதிரே வருவதற்குத் தடை. அதனால் விடியலில் புறப்பட்டு, காற்று ஏறுமுன் அடுத்த குடாவை அடைந்துவிடுவார்கள். கரையை ஒட்டியே கடல் ஆழமாக இறங்குவதால், முன்புறத்திலிருந்து நங்கூரத்தை விட்டு, பின்புறக் கயிற்றைக் கரையிலுள்ள பாறையிலோ பைன் மரத்திலோ கட்டுகிறார்கள்.

போட்ரும், பண்டைய ஹாலிகார்னாசஸ். வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் பிறந்த ஊர். உலக அதிசயங்கள் ஏழில் ஒன்றான மௌசோலஸ் மன்னனின் கல்லறை இங்குதான் இருந்தது. அதன் கற்களைக் கொண்டு புனித யோவான் வீரத்துறவிகள் வலுப்படுத்திய கோட்டை, இன்று நீரடித் தொல்லியல் அருங்காட்சியகம். எழுதிய ஒரு கட்டுரைக்காக 1925இல் இவ்வூருக்கு நாடுகடத்தப்பட்ட ஜெவாத் ஷாகிர், ‘ஹாலிகார்னாசஸ் மீனவர்’ என்ற புனைபெயரில் புகழ்பெற்றார். 1940களில் சபாஹத்தின் எயுபோலு போன்ற எழுத்தாள நண்பர்களுடன் கடற்பஞ்சு எடுப்போரின் எளிய படகுகளில் அவர் மேற்கொண்ட உலாக்களே நீலப் பயணத்தின் தொடக்கம். ஓய்வோடு, கரையின் பழமையைக் கடலிலிருந்தே கற்பதும் அவர்களின் நோக்கம். எழுத்தாளர் அஸ்ரா எர்ஹாட் 1962இல் ‘நீலப் பயணம்’ என்ற பெயரிலேயே நூல் எழுதினார். இன்று இவ்வழியில் செல்பவை பெரும்பாலும் போட்ரும், போஸ்புருன் பட்டறைகளில் உருவாகும் ‘குலெட்’ என்ற அகன்ற மரப்படகுகள். கேப்டன், சமையற்காரர், கடலோடி ஆகியோர் உடன் வருவர். பாய்மரம் இருந்தாலும் பெரும்பாலான தூரம் எஞ்சினில்தான் ஓடுகிறது.

கோக்கோவா வளைகுடாவில் செதிர் தீவின் வெண்மணலை, கிளியோபாட்ராவுக்காக எகிப்திலிருந்து கொண்டுவந்ததாகக் கதை உண்டு. உண்மையில் அது சுண்ணாம்பு உருண்டு உருவான மணல். அதை எடுத்துச் செல்லத் தடை உண்டு. தாட்சா தீபகற்பத்தின் நுனியில், இரு துறைமுகங்களுடன் கினிடோஸ் நகரின் இடிபாடுகள் உள்ளன. வானியலாளர் யூடோக்சஸின் ஊர் இது. பிராக்சிடிலீஸ் வடித்த அஃப்ரோடைட்டி சிலை நின்ற இடமும் இதுவே. முனையைச் சுற்றிப் போக எதிர்க்காற்று விடாதபோது கப்பல்கள் காத்திருக்க வேண்டியிருந்ததால், இந்நகரம் செழித்தது. ரோமுக்குக் கைதியாகக் கொண்டு செல்லப்பட்ட புனித பவுலின் கப்பலும் பல நாள் போராடியே கினிடோஸை நெருங்கியதாக விவிலியத்தின் அப்போஸ்தலர் பணிகள் கூறுகிறது.

மார்மாரிஸைக் கடந்தால் தால்யான் ஆற்றின் முகத்துவாரம். ஆற்று வண்டலால் துறைமுகம் தூர்ந்து, கௌனோஸ் நகரம் கடலை இழந்தது. அதன் குடைவரைக் கல்லறைகள் ஆற்றோரச் செங்குத்துப் பாறையில் நிற்கின்றன. முகத்துவாரத்தின் இஸ்துசு மணற்கரையில் பெருந்தலை ஆமைகள் முட்டையிடுகின்றன. 1980களில் அங்கே வரவிருந்த ஹோட்டல் திட்டம் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. 1988இல் அப்பகுதி சிறப்புப் பாதுகாப்புப் பெற்றது. தீவுகள் சூழ்ந்த கோஜெக் விரிகுடா, படகுகளுக்குப் பாதுகாப்பான தங்குமிடம். அடுத்துள்ள ஃபெத்தியேயில் அமிந்தாஸ் என்பவரின் கல்லறை மலையில் குடையப்பட்டிருக்கிறது. அருகே காயாகோய், 1923இன் கிரேக்க–துருக்கிய மக்கள் பரிமாற்றத்தில் கிரேக்கர் வெளியேறியபின் ஆளற்றுப்போன கிராமம்.

ஒலூதெனிஸ் குடாவுக்கு அப்பால் ‘ஏழு முனைகள்’ என்ற ஒதுங்க இடமில்லாத கரை வருகிறது. பொழுது விடியும் வேளையில் அதைக் கடந்துவிடுவதே நல்லது. பிறகு பதாரா. பண்டைய லிசிய நாட்டு நகரக் கூட்டமைப்பின் பேரவை கூடிய இவ்வூரின் துறைமுகமும் தூர்ந்து மணலாகிவிட்டது. காஷ் அருகே உலுபுருன் முனையில், கி.மு. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூழ்கிய வணிகக் கப்பலைக் கடற்பஞ்சு எடுக்கும் ஒருவர் 1982இல் கண்டார். 1984 முதல் 1994 வரை நடந்த அகழாய்வில் சுமார் 10 டன் செம்பு, ஒரு டன் வெள்ளீயம், கண்ணாடிக் கட்டிகள், யானைத் தந்தம், எகிப்திய அரசி நெஃபெர்டிட்டியின் பெயர் பொறித்த தங்க முத்திரை ஆகியவை கிடைத்தன.

கெக்கோவாவில் நிலநடுக்கத்தால் தாழ்ந்த வீடுகளின் சுவர்களும் படிகளும் நீருக்கடியில் தெரிகின்றன. இடிபாடுகளின்மேல் நீந்தத் தடை உண்டு. எதிரிலுள்ள சிமேனாவில் ஒரு லிசியக் கற்பேழை கடலில் நிற்கிறது. தெம்ரே, பழைய மைரா. புனித நிக்கோலஸ் ஆயராக இருந்த ஊர். அவரது எலும்புகள் 1087இல் இத்தாலியின் பாரிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. மைராவின் துறைமுகமான ஆண்டிரியாக்கேயில் ஹேட்ரியன் காலத் தானியக் களஞ்சியம் உள்ளது. பவுல் இத்தாலி செல்லும் அலெக்சாண்டிரியக் கப்பலுக்கு மாறியதும் மைராவில்தான்.

பல படகுகள் தெம்ரேயிலேயே நின்றுவிடும்; மீதித் தூரம் பேருந்தில். கடல்வழி தொடர்ந்தால் கெலிடோனியா முனை வரும். 1960இல் ஜார்ஜ் பாஸ் தலைமையில் தொல்லியலாளர்களே நீரில் இறங்கி இங்கு வெண்கலக் காலக் கப்பலொன்றை அகழ்ந்தது, நீரடித் தொல்லியலின் பிறப்பாகக் கருதப்படுகிறது. முனைக்கு வடக்கே, ஆற்றின் இருகரையிலும் மரங்களுக்கிடையே ஒலிம்போஸ் நகரின் இடிபாடுகள். கி.மு. முதல் நூற்றாண்டில் கடற்கொள்ளையர் பிடியிலிருந்த இந்நகரை ரோமானியர் மீட்டனர். அருகிலுள்ள யனார்தாஷ் மலைச்சரிவில், பாறை வெடிப்புகளில் கசியும் மீத்தேன் வாயு இன்றும் எரிகிறது. கைமேரா என்ற தீயுமிழும் விலங்கின் கதையோடு இத்தீயைப் பண்டைக் கிரேக்கர் இணைத்தனர். நீலப் பயணம் இங்கே முடிகிறது. அண்டால்யாவுக்கு இங்கிருந்து சாலை உண்டு.