இடியப்ப உரலும் அம்மாச்சியும்

கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரத்து அம்மாச்சி உணவகத்துள் நுழைவோர் முதலிற் காண்பது உணவையன்று, உணவாக்குவோரையே. ஏனைய கடைகளில் அடுக்களை சுவருக்குப் பின்னே மறைந்து கிடக்கும். இங்கோ வாங்குவோர் கண்முன்னேயே பெண்கள் மாவைக் குழைத்து, உரலிலிட்டு, தட்டுகளிற் பிழிந்து, ஆவியில் அவித்து எடுக்கின்றனர். இடியப்பமும் சொதியும் சம்பலும், குரக்கன் ரொட்டியும் இலைக்கஞ்சியும், மாணவரும் கூலித்தொழிலாளரும் கைக்காசுக்கு உண்ணத்தக்க விலையிற் கிடைக்கின்றன.

தென்னிலங்கையில் விவசாயத் திணைக்களம் 'ஹெல பொஜுன்' என்னும் பெயரில் நடத்திய உணவகங்களே இதற்கு முன்மாதிரி. வடக்கில் மாகாண விவசாயத் திணைக்களத்தின் கீழ் இது 'அம்மாச்சி' ஆயிற்று. பெண்கள் சமைத்து விற்று வருவாயைத் தாமே கொள்கின்றனர்.

இடியப்பத்தை எளிய பண்டமென எண்ணுவோர் அதனைப் பிழிந்தறியாதோரே. கோதுமையிற் பசையுண்டு, நீர் விட்டுப் பிசைந்தாலே அது இழுபடும். அரிசிக்கு அத்தன்மை இல்லை. ஆகவே மாவை வறுத்து, கொதிநீர் விட்டுக் குழைக்கவேண்டும். அவ்வெப்பத்தில் மாப்பொருள் இளகி ஒட்டினாலன்றி இழை நில்லாது. நீர் ஆறியிருப்பின் இழை அறும், மிகுந்துவிடின் களியாகும். பதம் கையாலறியப்படுவது. உரலை அழுத்தும் வலியோ தோளும் மணிக்கட்டும் அறிவது.

இத்தாலியின் வெனிற்ரோப் பகுதியில் 'பிகோலி' என்றொரு பாஸ்தா உண்டு. அதனையும் துளையிட்ட அச்சினூடே கையாற் பிழிந்தே எடுப்பர். அக்கருவி நமது உரலின் தமையன் போன்றது. தெற்கே பாரி நகரின் பழைய தெருக்களில் பெண்கள் வாசலில் மேசையிட்டு, காது வடிவான பாஸ்தாவைக் கையால் உருட்டி விற்கின்றனர். அவர்களைக் காணவே உல்லாசப் பயணிகள் திரள்கின்றனர். 'கையாற் செய்தது' என்ற சொல்லுக்கு மேலைநாட்டில் மேலதிக விலையுண்டு. நம் நாட்டிலோ கையாற் செய்தது மலிவாகவே இருத்தல் வேண்டுமென்பது எழுதப்படாத சட்டம். இவ்வேறுபாடு சிந்தித்தற்குரியது.

கோதுமை நம் அடுக்களைக்குட் புகுந்த கதையும் இதனோடு பிணைந்ததே. அமெரிக்க உதவியாக வந்திறங்கிய மாவுக்கு இன்றும் எம்மவர் வழக்கில் 'அமெரிக்கன் மா' என்றே பெயர். 1980 தொடக்கம் திருகோணமலையில் பிறிமா ஆலை இயங்கியதும் அது எங்கும் எளிதிற் கிடைக்கலாயிற்று. கோதுமை மாவை அவித்து அரித்துப் பிழிந்தால் இடியப்பம் வெள்ளையாகவும் மெதுவாகவும் வரும். அரிசிமாவை இடிக்கும் உழைப்பும் மிஞ்சும். உழைத்துக் களைத்த பெண்ணொருத்தி அதனைத் தேர்ந்தமை குற்றமாகாது. 'பாரம்பரிய உணவு' எனப் பேசும் ஆடவருள் உரலைத் தொட்டவர் எத்தனை பேர்?

2009 தை மாதத்தில் இந்நகர் படையினர் வசமான காலத்தில் மக்கள் ஏற்கெனவே இடம்பெயர்ந்திருந்தனர். மீளக் குடியேறியோருள் கணவனை இழந்தும், காணாமலாக்கப்பட்டவரைத் தேடியும் குடும்பச் சுமையைத் தனித்துத் தாங்கிய பெண்கள் பலர். கடன் கொடுக்க வந்த நிறுவனங்கள் மலிந்திருந்தன. நாள்தோறும் பணம் கையிற் சேரும் தொழில்களோ அரிது. சோற்றை விற்பது இழிவெனக் கருதிய ஊரில், பெயர் சொல்லி அழைக்கப்படும் ஒரு தொழிலாளியாக அப்பெண் நிற்பதற்கு அம்மாச்சி இடமளித்தது. இதனைச் சிறிதென ஒதுக்குவதற்கில்லை.

எனினும், பெயரை எண்ணுந்தோறும் ஓர் ஐயம் எழுகின்றது. அம்மாச்சி அன்போடு ஊட்டுபவள், கூலி கேளாதவள். அப்பெயரைத் தாங்கிய கடையில் விலை சிறிது கூடினும் உண்போர் முகஞ்சுளிப்பர். 2021இல் இரசாயன உரத் தடையால் வயல்கள் வாடின. 2022இல் எரிவாயு கிடையாது அடுப்புகள் அணைந்தன. அரிசி விலை ஏறியது. அவ்வாண்டுகளில் விலையுயர்வை எவ்வளவு வாங்குவோரிடம் ஏற்றலாம் என்பதே அப்பெண்களின் அன்றாடக் கணக்காயிற்று. ஏற்றாது விட்ட எஞ்சியது அவர்களின் உறக்கத்திலிருந்தும் வீட்டுச் செலவிலிருந்தும் கழிந்தது. சூரியன் எழுமுன் தேங்காய் துருவிய நேரத்தை எக்கணக்கிலும் எவரும் சேர்ப்பதில்லை.

இத்தனைக்கும் இரணைமடு நீர் பாய்ந்த வயல்கள் அருகிலேயே உள. அங்கு விளையும் நெல்லின் ஒரு பகுதி அறுவடைக்காலத்திற் குறைந்த விலைக்கு லொறியேறி வெளிமாவட்ட ஆலைகளுக்குச் செல்கின்றது. பின்னர் அரிசியாகிக் கூடிய விலையில் கடைகளுக்குத் திரும்புகின்றது. அப்பயணத்தின் செலவையும் உரலுக்குப் பின்னால் நிற்பவளே கொடுக்கின்றாள்.