ஒன்றரை லட்சம் கதவுகள்

கும்பமேளாவுக்குப் போயிட்டு வந்தேன்னு சொன்னதும் ஹாஸ்டல்ல எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "மச்சி, அகோரி சாமியார்களைப் பார்த்தியா?" பார்த்தேன். ஆனா, நான் அசந்துபோய் நின்னு பார்த்தது வேற ஒண்ணு. கக்கூஸ்! சிரிக்காதீங்க பாஸ், மேட்டர் சீரியஸ்.

2025 ஜனவரி. கங்கா காவேரி எக்ஸ்பிரஸ்ல சென்னையிலிருந்து ஒன்றரை நாள் பயணம். கூட வந்தது என் அம்மாயி. வயசு எழுபத்திரெண்டு, ரெண்டு முழங்காலும் ரிப்பேர். "சாகறதுக்குள்ள கங்கையில ஒரு முழுக்கு" என்ற ஒரே கோரிக்கையை வெச்சு வீட்டையே மடக்கிட்டாங்க. வண்டி கிளம்பி ஆறு மணி நேரம் கழிச்சுத்தான் கவனிச்சேன், பாட்டில் தண்ணி அப்படியே இருக்கு. "குடிங்க அம்மாயி"ன்னா, "வேண்டாங்கண்ணு, குடிச்சா போகோணும். போனா எந்திரிக்க முடியாது." ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் ரெண்டு மடக்கு டீயோட ஓட்டினாங்க.

பிரயாக்ராஜ்ல கங்கையும் யமுனையும் சேர்ற இடத்துல மழைக்காலத்துல வெள்ளம்தான் ஓடும். வெள்ளம் வடிஞ்ச பிறகு வெளியே வர்ற மணல்ல, சில மாசத்துக்குள்ள ஒரு நகரத்தையே கட்டி நிறுத்துறாங்க. மணல் மேல இரும்புத் தகடு போட்ட ரோடு, ஆத்துக்குக் குறுக்கே மிதவைப் பாலங்கள், கண்ணுக்கு எட்டுற வரைக்கும் கூடாரம். ஜனவரி 13-ல் தொடங்கி பிப்ரவரி 26 வரை நடந்த மேளாவுக்கு வைக்கப்பட்ட கழிப்பறைகள் மட்டும் சுமார் ஒன்றரை லட்சம். 2019 அர்த்த கும்பத்துல சுமார் 1.2 லட்சம். மேளா முடிஞ்சதும் எல்லாத்தையும் கழட்டி எடுத்துட்டுப் போயிடணும். அடுத்த மழைக்கு அந்த இடம் மறுபடியும் ஆறு!

நான் மெக்கானிக்கல் ஸ்டூடண்ட். சும்மா இருக்க முடியுமா? காலி ரூம் ஒண்ணைத் தட்டித் தடவி ஆராய்ச்சி பண்ணினேன். (வெளியே க்யூவுல நின்னவர் ஹிந்தியில என்னவோ திட்டினார். புரியலை. நல்லது.) சுவர் கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்த ஃபைபர் தகடு. நாலு பேர் சேர்ந்தா ஒரு ரூமையே அலேக்கா தூக்கி லாரியில வெச்சிடலாம். துரு பிடிக்காது, தண்ணி அடிச்சுக் கழுவலாம்.

வெளிநாட்டுக் கச்சேரி மைதானங்கள்ல நிக்குற பிளாஸ்டிக் பெட்டிகளைப் படத்துல பார்த்திருப்பீங்க. அதுல ஸீட்டுக்குக் கீழேயே இருநூறு லிட்டர் சொச்சத்துக்கு ஒரு டேங்க், உள்ளே நாத்தத்தை அமுக்குற நீல மருந்து, டேங்க்ல இருந்து கூரைக்கு மேல ஒரு குழாய். குழாய் உச்சியில காத்து வீசினா நாத்தம் மேல இழுபட்டுப் போயிடும். அவங்க பேப்பர் பார்ட்டி, அதனால அந்த டேங்க் தாங்குது. நாமதான் தண்ணி பார்ட்டியாச்சே! ஒரு ஆளுக்கு ரெண்டு லிட்டர்னு வெச்சாக்கூட நூறு பேரோட டேங்க் ஃபுல். அந்தப் பெட்டியை அப்படியே இங்கே கொண்டுவந்து இறக்கினா மத்தியானத்துக்குள்ள கதை கந்தல். அதனால நம்ம ஊர் டிசைன்ல டேங்கைப் பெட்டிக்கு வெளியே, மண்ணுக்குள்ள தள்ளியாகணும். பேசினும் முக்கியம். சரிவு அதிகமா, வளைவுல 20 மில்லிமீட்டர் தண்ணி மட்டும் நிக்குற மாதிரி செஞ்ச கிராமத்து பேசினுக்கு ஒண்ணு, ஒன்றரை லிட்டர் ஊத்தினாலே போதும். அந்த விரக்கடைத் தண்ணிதான் நாத்தத்தைத் தடுக்குற கதவு.

சரி, இவ்வளவு இன்ஜினீயரிங்கும் அம்மாயி முழங்காலுக்கு உதவுச்சா? எங்க கூடாரத்துக்குப் பக்கத்து வரிசையில எல்லாமே குந்துற டைப். பிடிச்சு எழுந்திரிக்க சுவர்ல ஒரு கம்பி இல்ல. துணி மாட்ட கொக்கி இல்ல, பையை மணல்லதான் வைக்கணும். ஒரு கதவுல தாழ்ப்பாள் கழண்டு, அது இருந்த ஓட்டை மட்டும் பாக்கி. நான் வெளியே நின்னு கதவை இழுத்துப் பிடிச்சுக்கிட்டேன், உள்ளேயிருந்து "இருக்கியா கண்ணு?"ன்னு நிமிஷத்துக்கு ஒரு தடவை குரல். ஒரு கம்பி, ஒரு கொக்கி, ஒரு தாழ்ப்பாள்... நம்ம ஊர் ஹார்டுவேர் கடையில மூணையும் சேர்த்து வாங்கினாலும் ஒரு சினிமா டிக்கெட் காசுதான் ஆகும். பெட்டியை வடிவமைச்சவரோட அம்மாயி அதுக்குள்ள போயே இருக்க மாட்டாங்கன்னு தோணுச்சு.

வெளியே வந்த அம்மாயி, தடியால பின்பக்கம் காட்டி, "இது எங்க போகுது?"ன்னாங்க. சில வரிசைகளுக்கு செப்டிக் டேங்க், லாரி வந்து குழாய் விட்டு உறிஞ்சிக்கிட்டுப் போகும். சிலதுக்கு உறிஞ்சு குழி, தண்ணி மண்ணுல இறங்கிடும்னு விளக்கினேன். அவங்க ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாங்க. "ஏங்கண்ணு, காவேரி மணல்ல கையால தோண்டி ஊத்துத் தண்ணி குடிச்சவ நானு. ஆத்து மணல்ல குழி தோண்டினா தண்ணி உள்ள போகுமா, வெளிய வருமா?"

நாலு செமஸ்டர் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் வாத்தியார் யாரும் என்னை இப்படி மடக்கினதில்ல.

அப்போதான் உறிஞ்சுற லாரி வந்துச்சு. கனமான ரப்பர் குழாயைத் தோள்ல போட்டு இழுத்துக்கிட்டு ஒரு பையன், என் வயசுதான் இருக்கும். கையில உறை இல்ல. கழிவுத் தொட்டிக்குள்ள ஆளை பாதுகாப்பில்லாம இறக்குறதை 2013-லேயே சட்டம் போட்டுத் தடுத்தாச்சு. இதே மேளாத் திடல்லதான் 2019 பிப்ரவரியில பிரதமர் மோடி அஞ்சு துப்புரவுத் தொழிலாளர்களோட பாதத்தைக் கழுவினார். அந்த லாரி ஒரு நாள் வரலைன்னா அத்தனை ஃபைபர் கதவும் வெறும் டப்பா. அந்தப் பையனுக்கு ஒரு ஜோடி கையுறை வாங்கித்தர யாருக்கும் தோணலை. எனக்கும் ஊருக்கு வந்த பிறகுதான் தோணுச்சு.

மறுநாள் விடியக்காலை குளிர்ல அம்மாயி மூணு முழுக்குப் போட்டாங்க. செம்புல தீர்த்தம் பிடிச்சு, வாயை மெழுகு வெச்சு அடைச்சு, பத்திரமா ஊருக்குக் கொண்டுவந்தாச்சு.

பிப்ரவரியில டி.வி.யில ஒரு செய்தி. மேளா நடக்குற இடத்துல பல இடங்கள்ல எடுத்த தண்ணியில மலக்கிருமி அளவு குளிக்கறதுக்கான வரம்பைத் தாண்டியிருக்குன்னு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்துல அறிக்கை கொடுத்திருந்துச்சு. 100 மில்லிக்கு 2,500-தான் வரம்பு. உ.பி. அரசு அதை மறுத்து, தண்ணி நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுச்சு. நகரத்துச் சாக்கடை, கோடிக்கணக்குல குளிச்ச ஜனம்னு காரணங்கள் நிறைய. குழிகளுக்கு அதுல எவ்வளவு பங்குன்னு நான் எங்கேயும் படிக்கலை.

அம்மாயி செய்தியை முழுசா கேட்டாங்க. ஒண்ணும் சொல்லலை. அக்கம்பக்கத்துல தீர்த்தம் கேட்டு வந்தவங்களுக்கு இப்போ ரெண்டு சொட்டு தலையில மட்டும் தெளிக்கறாங்க. கையை நீட்டினா, "அது குடிக்கறதுக்கு இல்லீங்க"ன்னு செம்பை மூடிடறாங்க.